பரோட்டாக் கடை வாசமும் நம்ம ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரைப் பக்கம், கேரள எல்லையைப் பார்த்துப் போகிற கொல்லம் சாலையில் எங்கள் கூட்டம் ஓடுகிறது. காலையில் நடக்கிறவர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களும் சுகர்க்காரர்களும். மாலையில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய கவலை அவர்களுக்கு. நான் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பது என் வேலை.

இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால்தானோ என்னவோ, நல்லெண்ணெய் வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் ஒரே தெருவில் கலந்து வரும். காலையில் டீக்கடைப் பழம்பொரி, பகலில் நேந்திரங்காய் சிப்ஸ் சட்டி, சாயங்காலம் பரோட்டாக் கல். இவற்றைத் தாண்டி ஓடுகிறவர்கள் என்னிடம் கேட்ட சந்தேகங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிட்டேன்.

"வாசனை வந்ததும் வாயூறுதே அண்ணாச்சி, அது பசிதானா?"

பசியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாயில் எச்சில் ஊறுவது பசியின் சாட்சி அல்ல. சாப்பாடு வரப்போகிறது என்று மூக்கு சொன்னதைக் கேட்டு உடம்பு செய்யும் முன்னேற்பாடு அது. எச்சில் கூடும், இரைப்பையில் அமிலம் சுரக்கத் தொடங்கும், கணையம் கொஞ்சமே கொஞ்சம் இன்சுலினை விடும். பந்திக்கு ஆள் வரும் முன்னே இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைக்கிறோமே, அதே மாதிரி. ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களை வைத்துச் செரிமானத்தைப் பற்றி இதையெல்லாம் ஆராய்ந்துதான் 1904-இல் நோபல் பரிசு வாங்கினார்.

என் கணக்கில் பசி வேறு, ஆசை வேறு. பசிக்கிறவனுக்குப் பழைய சோறும் ஊறுகாயும் போதும். வாசனையால் வருவது பெரும்பாலும் ஆசை. அது பேர் சொல்லிக் கேட்கும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த வித்தியாசம்தான் பதில்.

"சளி பிடிச்சா சாப்பாடு ஏன் சப்புன்னு இருக்கு? ருசி நாக்குலதானே இருக்கு?"

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாறு, காளான் போன்றவற்றில் வரும் ஒரு சாற்றுச் சுவை. அவ்வளவுதான். சாம்பாரா ரசமா, ஏலக்காயா கிராம்பா என்று பிரித்துச் சொல்வது மூக்கு. வாசனை மூக்கின் வாசலில் மட்டும் நுழைவதில்லை. மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மேலேறியும் மூக்குக்குப் போகிறது. சளி அடைத்தால் அந்தக் கொல்லைவாசலும் மூடிக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சுக்குக் காபி குடித்துப் பாருங்கள். இனிப்பும் தொண்டைக் காரமும் தெரியும், சுக்கும் மல்லியும் தெரியாது. விரலை எடுத்ததும் மொத்தமும் திரும்பி வரும். மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை உணரிகள் இருக்கின்றன. இவற்றின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்துச் சொன்ன ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-இல் நோபல் கிடைத்தது.

"பரோட்டா வாசம் பட்டா பரோட்டாதான் வேணும்னு இருக்கு. வீட்டுல இட்லி இருக்குன்னா கோவம் வருது. இது என்ன கோளாறு?"

கோளாறு இல்லை. மேலே 'பேர் சொல்லிக் கேட்கும்' என்றேனே, அது இதுதான். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆட்களை உணவு வாசனை பரப்பிய அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். எந்த உணவின் வாசனை வந்ததோ அதன் மேலும் அதைப் போன்ற உணவின் மேலும் ஆசை கூடியது. இனிப்பு வாசனை பிடித்தவர்களுக்கு இனிப்பு மேல் ஆசை ஏறி, உப்பும் காரமுமான பண்டங்கள் மேல் குறைந்தது. கார வாசனைக்கு நேர்மாறு.

ஆகவே மைசூர்பாகு கிண்டுகிற கடையைத் தாண்டி வந்தவனுக்கும் சால்னா கொதிக்கிற கடையைத் தாண்டி வந்தவனுக்கும் ஒரே வீட்டில் ஒரே இட்லியை வைத்தாலும் முகம் வேறு மாதிரிதான் போகும். இதை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். ஓட்டம் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது கறிவேப்பிலையும் கடுகும் தாளிக்கிற வாசம் வந்தால் வழியில் பிடித்த பரோட்டா வாசம் பின்னுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் நான் வரும் நேரம் பார்த்துத்தான் சட்னி தாளிக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, வீட்டுக்காரம்மா.

"அப்போ பரோட்டா மாஸ்டர் ஏன் பரோட்டாவைத் தொடவே மாட்டேங்குறார்? அவருக்குத்தானே முழுநேர வாசனை?"

இரண்டு காரணம். ஒன்று, மூக்குக்குப் பழகிவிடுகிறது. ஒரே வாசனை விடாமல் வந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். மீன் சந்தைக்குள் நுழையும்போது மூக்கைப் பொத்துகிறவர் பேரம் பேசி முடிப்பதற்குள் மறந்துவிடுவது இதனால்தான்.

இரண்டாவது கொஞ்சம் சுவாரசியமானது. ஒரு பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் மேல் மட்டும் திகட்டல் வரும், மற்றதன் மேல் வராது. பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவரும் பாயசத்துக்கு இடம் கண்டுபிடிப்பார் இல்லையா? இந்தத் திகட்டல் விழுங்காமலும் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1997-இல் வெளியான ஆய்வில், ஒரு பண்டத்தைச் சாப்பிட ஆகும் நேரத்துக்குச் சும்மா முகர்ந்துகொண்டே இருந்தவர்களுக்கும் அந்த வாசனையின் மேல் பிடித்தம் குறைந்தது.

அமெரிக்காவில் 2019-இல் வந்த ஒரு ஆய்வு இன்னும் நேரடியாகக் கடையிலேயே பார்த்தது. பிஸ்கட், பீட்சா மாதிரி வாசனைகள் அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பட்டால் அந்த மாதிரிப் பண்டங்களை வாங்குவது கூடியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அதே வாசனையில் இருந்தவர்கள் அவற்றைக் குறைவாக வாங்கினார்கள். நம் சாலையில் ஓடுகிறவன் ஒரு கடையை எவ்வளவு நேரத்தில் தாண்டுகிறான்? பத்து இருபது விநாடி. ஆசை கிளம்ப அது போதும், திகட்ட அது போதாது. மாஸ்டர் தப்பிக்கிறார், ஓடுகிறவன் மாட்டிக்கொள்கிறான்.

"அப்படின்னா சிப்ஸ் கடை முன்னால ரெண்டு நிமிஷம் நின்னு முகர்ந்துட்டு வந்தா எடை குறைஞ்சிடுமா?"

இதைக் கேட்டவர் சிப்ஸ் கடை முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டார், கையில் கால் கிலோ பொட்டலத்தோடு.

நம்பி இறங்காதீர்கள். மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வுகளில் 2014-இல் வந்த ஒன்றில் ஆட்களை 20 நிமிடம் வாசனையில் வைத்தார்கள். வாசனையின் மேல் பிடித்தம் மெல்லக் குறைந்தது. பண்டத்தின் மேல் ஆசை குறையவே இல்லை. வாசனை போதும் என்பதும் சாப்பாடு போதும் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்க ஆய்வுக்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லையே என்றால், ஆமாம், போகவில்லை. முரண்படுகிற இடத்தில் என் கட்சி எளிமையானது: நிற்காமல் தாண்டிப் போங்கள்.

இன்னொருவர் எலி ஆராய்ச்சியைச் செல்போனில் காட்டினார். கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் 2017-இல் செய்தது. முகரும் திறனை எடுத்துவிட்ட எலிகள், கொழுப்பு நிறைந்த அதே தீனியைத் தின்ற மற்ற எலிகளைவிட ஒல்லியாக இருந்தன. உண்மைதான். ஆனால் அது எலி. மூக்கை இழந்த மனிதர் படும் பாட்டைக் கீழே ஒரு அம்மாவின் கேள்வியில் பாருங்கள், அந்த ஆசையே போய்விடும்.

"ஓடி முடிச்ச உடனே சாப்பாட்டு வாசமே பிடிக்கல. ஒரு மணி நேரம் போனா ஆனைப் பசி. ஏன் இப்படி?"

கடுமையாக ஓடினால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் தற்காலிகமாக இறங்கும், போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் ஏறும். மெதுவாக நடக்கிறவர்களுக்கு இது அவ்வளவாக நடக்காது. அதனால்தான் காலைக் கூட்டம் நடை முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போகிறது, மாலைக் கூட்டம் தரையில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

கிரெலின் திரும்பி ஏறும்போது மூக்கும் கூர்மையாகும். பசித்தவனுக்கு உணவு வாசனை எளிதில் எட்டும். பையன்களுக்கு நான் சொல்வது: பசிக்காத அந்த நேரத்திலேயே என்ன சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துவிடு. இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை பையில் இருக்கட்டும். ஆனைப் பசி வந்தபிறகு எடுக்கிற முடிவை நீ எடுப்பதில்லை, கடை எடுக்கிறது.

"அப்போ குத்தாலத்துல குளிச்சு ஏறுனா மட்டும் உடனே ஏன் அப்படிப் பசிக்குது? அதுவும் உடம்புக்கு வேலைதானே?"

நல்ல கேள்வி. வேறுபாடு குளிர்ச்சியில். 2005-இல் வெளியான ஒரு ஆய்வில் 11 ஆண்களைத் தண்ணீருக்குள் வைத்து 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒருநாள் 33 டிகிரித் தண்ணீர், இன்னொரு நாள் 20 டிகிரி. செலவான சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மிதித்த அன்று, பின்னால் 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். உடம்பு சூடானால் பசி அடங்கும், குளிர்ந்தால் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாரல் நேரத்தில் அருவியில் நின்றுவிட்டு நடுங்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே என்ன இருக்கிறது? சுடச்சுட மிளகாய் பஜ்ஜிச் சட்டி. குளிரும் வாசமும் சேர்ந்து அடிக்கும்போது தப்பியவர் யாரும் எனக்குத் தெரியாது, என்னையும் சேர்த்துத்தான்.

"ஓடும்போது எண்ணெய்ப் பலகார வாசம் வந்தா எனக்கு ஆசை வரல, குமட்டுது. நான் மட்டும் இப்படியா?"

நிறையப் பேருக்கு அப்படித்தான். வேகமாக ஓடும்போது ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் போகிறது, குடலுக்குப் போவது நன்றாகக் குறைகிறது. அந்த நேரத்தில் வயிறு சாப்பாட்டை வரவேற்கும் நிலையில் இல்லை. முதல் பதிலில் சொன்ன முன்னேற்பாட்டை மூக்கு கேட்கிறது, வயிறு முடியாது என்கிறது. மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலரை மணிக்கு ஓட வந்தால் இன்னும் மோசம். ஒருமுறை அப்படி வாந்தி எடுத்துவிட்டால் அந்த வாசனையே நெடுநாள் எதிரியாகிவிடும். எங்களிடம் ஒரு பையனுக்குப் பட்டை வாசம் வந்தாலே முகம் சுருங்கும். காரணம் ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணி.

முழு வேகத்தில் ஓடும்போது காற்றின் பெரும்பகுதி வாய் வழியாகப் போகும், அதனால் வாசனை கொஞ்சம் மங்கும். மூச்சு மூக்குக்குத் திரும்பும்போது, அதாவது வேகத்தைக் குறைத்த உடனே, மொத்தமாக வந்து தாக்கும். கடைக்கு எதிரே வேகம் குறைக்காமல் தாண்டிப் போய்ப் பிறகு குறைப்பது நல்லது.

இதில் வாசனையும் புகையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசனை ஆளைக் கெடுக்காது. திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயிலிருந்து கிளம்பி, கண்ணை எரிக்கிற புகை கெடுக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறோம், வேகமாக ஓடினால் அது 60 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு புகையும் உள்ளே போகும். இழுப்பு உள்ளவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

"நல்ல வாசனை பிடிச்சா வேகம் கூடுமா? புதினா எண்ணெயைக் கைக்குட்டையில தடவிட்டு ஓடுறாங்களே?"

2001-இல் அமெரிக்காவில் 40 விளையாட்டு வீரர்களிடம் புதினா வாசனையைச் சோதித்தார்கள். ஓட்ட வேகம், கைப்பிடி வலு, தண்டால் எண்ணிக்கை இவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. கூடைப்பந்தை வளையத்தில் போடும் திறமையில் ஒன்றும் மாறவில்லை. எனக்கு அந்தக் கடைசி விஷயம் பிடித்திருந்தது: முயற்சியைத் தூண்டும், கைத்திறனைத் தராது.

ஒரு சிக்கல் உண்டு. மருந்து ஆராய்ச்சியில் வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். வாசனையில் அது கஷ்டம். புதினா மணத்தால் அது புதினா என்று ஆளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததே தெம்பு தரலாம். புதினாவுக்குக் குளிர்ச்சி தரும் மென்தால் என்ற பொருள் கலந்த தண்ணீரை வெயிலில் கொப்பளிப்பது கொஞ்சம் உறுதியான சங்கதி. 2010-இல் வந்த ஆய்வில் 34 டிகிரிச் சூட்டில் சைக்கிள் மிதித்தவர்கள் சராசரியாக 9 சதவீதம் கூடுதல் நேரம் தாங்கினார்கள். உடம்புச் சூடு குறைவதால் அல்ல, வாயிலுள்ள குளிர் உணரியை மென்தால் தட்டுவதால். குளிர்கிறது என்று நினைக்கிறோம், அவ்வளவுதான். உடம்பு உண்மையில் சூடாகிக்கொண்டிருக்கும், அதனால் கோடையில் இதை வைத்து வீரம் காட்ட வேண்டாம்.

"சர்க்கரைத் தண்ணியக் குடிக்காம கொப்பளிச்சுத் துப்புனாலே தெம்பு வருமாமே, அதுவும் வாசனை வேலையா?"

தெம்பு வருவது உண்மை, வாசனை வேலை இல்லை. 2004-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும் சைக்கிள் பந்தயத்தில் மாவுச்சத்துக் கரைசலைக் கொப்பளித்துத் துப்பியவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். அதில் போட்டது மால்டோடெக்ஸ்ட்ரின். வாசமும் கிடையாது, இனிப்பும் கிடையாது. வாய்க்குள் மாவுச்சத்தை அறியும் ஏதோ ஒரு வழி மூளைக்குச் சேதி சொல்கிறது. வாயூறுவதற்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டிலும் சாப்பாடு உள்ளே போகவில்லை, உடம்பு மட்டும் நம்பிவிட்டது.

1500 மீட்டர் பையன்களுக்கு இது தேவையில்லை. ஏழு நிமிட ஓட்டத்துக்குக் கொப்பளித்துக்கொண்டிருக்க நேரமேது.

"எனக்கு சுகர் இருக்கு. ஜிலேபி வாசம் பிடிச்சா சுகர் ஏறுமா? விரத நாள்ல முகர்ந்தா விரதம் முறியுமா?"

ஏறாது. வாசனையில் சர்க்கரை இல்லை. வாசனைக்குப் பின்னால் கை போகிற இடம்தான் ஏற்றும். விரதத்தைப் பற்றி உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள். வயிற்றுக் கணக்கில் எதுவும் முறியவில்லை.

"முதல் கேள்வியில இன்சுலின் சுரக்கும்னு சொன்னீங்க. ஓடுறதுக்கு முன்னால கடை வாசம் பிடிச்சா சர்க்கரை இறங்கி மயக்கம் வராதா?"

கவனமாகப் படித்திருக்கிறீர்கள். அந்த இன்சுலின் மிகக் குறைவு, சில நிமிடங்களில் அடங்கிவிடும். வாசனையால் மட்டும் ஆரோக்கியமான ஆளுக்குச் சர்க்கரை இறங்கி விழுவதில்லை. ஆனால் ஓடுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் இனிப்பு ஜூஸோ இரண்டு லட்டோ உள்ளே போனால் சிலருக்கு ஓட்டத்தின் தொடக்கத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலை சுற்றும். அது சாப்பிட்டதால் வருவது. இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கதை வேறு, அவர்கள் ஓடும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் டாக்டரிடம் பேசித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. எந்த வாசமும் தெரியலங்காங்க, சோத்தைத் தள்ளி வச்சிடுறாங்க. என்ன பண்ண?"

வயது ஏற ஏற முகரும் திறன் குறைவது பொதுவானது. கொரோனாவுக்குப் பின்னாலும் பலருக்கு இது வந்தது. பசியை எழுப்புகிற மணி அடிக்காததால் அவர்கள் சாப்பிட மறக்கிறார்கள். எடை குறைகிறது, காலில் வலு போகிறது. உப்பை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். எலுமிச்சைப் புளிப்பு, மிளகு, இஞ்சிக் காரம், மொறுமொறுப்பான அப்பளம் என்று மூக்கை நம்பாத பக்கத்திலிருந்து ருசியைக் கொடுங்கள். பசிக்கும்போது கேட்பார் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுங்கள். திடீரென்று வாசம் போயிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. சிலிண்டர் வால்வை ராத்திரி வேறொருவர் பார்த்து மூடட்டும்.

"ஓட்டம் முடியுற இடம் பரோட்டாக் கடைக்கு எதிர்லயே இருக்கே, மாத்தக் கூடாதா அண்ணாச்சி?"

மாற்றியாகிவிட்டது. சாரல் மாதங்களில் காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். புளியரைப் பக்கம் ஓடும்போது எல்லைக் கடைகளின் வாசம் நேரே முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கூடவே வரும். அதனால் கடைகளுக்கு முன்பே திரும்பிவிடுகிறோம், கடைசி ஒரு கிலோமீட்டர் வயல் ஓரமாகப் போகிறது. முடிகிற இடத்தில் சேற்று வாசமும் வைக்கோல் வாசமும்தான்.

போன மாதம் ஒரு பையன், வயல் வாசம் பட்டால் கூழ் குடிக்கத் தோன்றுகிறது என்று புகார் சொன்னான். அவனுக்கு மூன்றாவது பதிலைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.